இஸாம் அல்-ஹழரி: கோல் கம்பங்களுக்கிடையில் 22 வருடங்கள்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நெருங்கும் காலங்களில் நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு புகைப்படம் தவறாமல் சுற்றி வரும். எகிப்தின் கோல்காப்பாளர் இஸாம் அல்-ஹழரி, கையில் அணித்தலைவர் பட்டியுடன் நிற்கும் படம். 45 வயதிலும் கனவைக் கைவிடாத மனிதர் என்ற கருத்தில் கீழே ஒரு வாசகம் இருக்கும். 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் முடிந்த கையோடு நானும் அதே கதையைப் பாடசாலையின் காலைக் கூட்டத்தில் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இடைவேளையின்போது தரம் 10 மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். பாடசாலை அணியின் இரண்டாவது கோல்காப்பாளர் அவன். அந்த வருடம் முழுவதும் மேலங்கி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே இருந்தவன். "ஸேர், ஈஜிப்ட் டீமுக்கு மூணு கீப்பர்மார் போன தானே. மத்த ரெண்டு பேரும் எத்தின மெட்ச் விளையாடின?" என்று கேட்டான். ஒருவர் இரண்டு போட்டிகளில் விளையாடினார், மற்றவர் ஒன்றிலும் விளையாடவில்லை என்றேன். "அப்ப அந்த மத்தவருக்கு?" என்றான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த மற்றவரின் பெயர் ஷரீப் இக்ராமி. அவரைப் பற்றிப் பின்னர் வருகிறேன். மாணவனின் கேள்விக்குப் பிறகுதான் அல்-ஹழரியின் விளையாட்டு வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து தேடி வாசித்தேன். வட்ஸ்அப் படத்துக்குள் அடங்காத பல விடயங்கள் அதில் இருக்கின்றன. அவற்றுள் சில பெருமைப்படத்தக்கவை அல்ல. இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ஆங்கில வர்ணனையாளர்கள் அவரை எல்-ஹடாரி என்று அழைப்பதால் நமது பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். அரபியில் அது ழாத் எழுத்து. ரமழானில் வரும் அதே எழுத்து. ஆகவே அல்-ஹழரி என்று எழுதுவதே பொருத்தம். அவர் 1973 ஜனவரி 15ஆம் திகதி திம்யாத் மாகாணத்தின் கப்ர் அல்-பத்தீக் என்ற ஊரில் பிறந்தார். நைல் நதியின் ஒரு கிளை மத்தியதரைக் கடலில் கலக்கும் பிரதேசம் அது. எகிப்தில் தளபாடம் என்றால் திம்யாத் என்பார்கள்; அந்தளவுக்குத் தச்சுத் தொழிலுக்குப் பெயர் போன இடம். உள்ளூர் திம்யாத் கழகத்தில் விளையாடத் தொடங்கிய அவரை 1996இல் கெய்ரோவின் அல்-அஹ்லி கழகம் அழைத்துக்கொண்டது. அதே வருடத்தில் தேசிய அணிக்கும் வந்துவிட்டார். அப்போது முஹம்மத் ஸலாஹ் மூன்று வயதுக் குழந்தை. 2018இல் அவரோடு ஒரே அணியில் இருந்த ரமழான் ஸுப்ஹி பிறந்திருக்கவே இல்லை.

ஆனால் அணிக்குள் வருவது வேறு, கோல் கம்பங்களுக்கிடையில் நிற்பது வேறு. ஒரு பின்வரிசை வீரருக்கு இடம் கிடைக்காவிட்டால் நடுவரிசையில் போட்டுப் பார்க்கலாம். கடைசிப் பத்து நிமிடங்களுக்கு மாற்று வீரராக இறக்கலாம். கோல்காப்பாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் நிற்பவர் காயப்பட வேண்டும், அல்லது சறுக்க வேண்டும். அதுவரை மற்றவர் ஒவ்வொரு நாளும் அதே பயிற்சியைச் செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். எகிப்து 1998இல் புர்கினா பாசோவில் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றபோது அல்-ஹழரியும் அணியில் இருந்தார். கோலில் நின்றவர் நாதிர் அஸ்-ஸெய்யித். அல்-ஹழரியின் நான்கு ஆபிரிக்கக் கிண்ணப் பதக்கங்களில் முதலாவது பதக்கம் இருக்கையில் அமர்ந்து பெற்றது. வாழ்த்துச் செய்திகளில் நான்கு என்று எண்ணிப் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

தேசிய அணியில் காத்திருந்த அதே காலத்தில் அல்-அஹ்லியில் அவர் நிலைபெற்றுவிட்டார். 2001இலும், பின்னர் 2005, 2006 ஆகிய அடுத்தடுத்த வருடங்களிலும் ஆபிரிக்க சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை அக்கழகம் வென்றது. 2006 இறுதியில் ஜப்பானில் நடந்த கழகங்களுக்கிடையிலான உலகக் கிண்ணத்தில் மெக்ஸிகோவின் அமெரிக்கா கழகத்தை 2-1 என வென்று மூன்றாம் இடம் பெற்றது. 2002இல் தென்னாபிரிக்காவின் கைஸர் சீப்ஸ் கழகத்துக்கு எதிரான ஆபிரிக்க சுப்பர் கிண்ணப் போட்டியில் அல்-ஹழரி தனது பாதி மைதானத்திலிருந்து உதைத்த ப்ரீ கிக் நேராக எதிரணியின் கோலுக்குள் போனது. கோல்காப்பாளர் ஒருவரின் வாழ்நாளில் இப்படி ஒன்று நடந்தாலே பெரிய விடயம்.

2006 ஆபிரிக்கக் கிண்ணம் எகிப்தில் நடந்தது. அவருக்கு 33 வயது. பயிற்றுவிப்பாளர் ஹஸன் ஷிஹாதா. அந்தப் போட்டித் தொடரின் இடையில், பெப்ரவரி 3ஆம் திகதி அதிகாலையில், செங்கடலில் அஸ்-ஸலாம் பயணிகள் கப்பல் மூழ்கி சுமார் ஆயிரம் பேர் மரணித்தார்கள். சவூதியிலிருந்து வேலை முடிந்து ஊர் திரும்பிய எகிப்தியத் தொழிலாளர்களே அதில் பெரும்பாலானோர். அன்றிரவே எகிப்து காலிறுதியில் விளையாடியது. ஒரு வாரம் கழித்து, பெப்ரவரி 10ஆம் திகதி, கெய்ரோ மைதானத்தில் ஐவரி கோஸ்டுடன் இறுதிப் போட்டி. மேலதிக நேரத்திலும் கோல் விழவில்லை. பெனால்டி உதைகளில் ஐவரி கோஸ்டின் முதலாவது உதையை எடுக்க வந்தவர் டிடியர் ட்ரொக்பா. அல்-ஹழரி அதைத் தடுத்தார். பக்காரி கொனேயின் உதையையும் தடுத்தார். எகிப்து 4-2 என வென்றது.

"அஸ்-ஸத் அல்-ஆலி" என்பது எகிப்தியர் அவருக்கு வைத்த பட்டப்பெயர். அஸ்வான் உயர் அணையைக் குறிக்கும் சொல் அது. நைலின் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் அணை எகிப்தியருக்கு எவ்வளவு பெரிய சின்னம் என்பதை அறிந்தவர்களுக்கு இப்பெயரின் கனம் புரியும். போட்டி வென்றதும் அவர் கோலின் குறுக்குக் கம்பத்தின் மீது ஏறி நின்று கொண்டாடுவார். அணைக்கு மேலே ஏறியது போல.

2008இல் கானாவில் மீண்டும் கிண்ணம். அரையிறுதியில் ஐவரி கோஸ்டை 4-1 எனத் தோற்கடித்து, இறுதியில் அபூதரீகாவின் ஒரே கோலால் கெமரூனை வென்றார்கள். 2010இல் அங்கோலாவில் மூன்றாவது தடவை. அந்தத் தொடரின் ஆறு போட்டிகளில் அல்-ஹழரி விட்டுக்கொடுத்த கோல்கள் இரண்டு மாத்திரமே. மூன்று தொடர்களிலும் சிறந்த கோல்காப்பாளர் விருது அவருக்கே. இடையில் 2009 ஜூன் மாதம் தென்னாபிரிக்காவில் அப்போதைய உலகச் சம்பியன் இத்தாலியை எகிப்து 1-0 என வென்றது. ஹொமொஸ் தலையால் முட்டிப் போட்ட கோலை அல்-ஹழரி இறுதிவரை காத்தார்.

இனி, அவரைப் புகழும் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிச் செல்லும் இடத்துக்கு வருகிறேன்.

2008 பெப்ரவரியில் கானாவிலிருந்து கிண்ணத்தோடு திரும்பிய அதே மாதத்தில், அல்-ஹழரி சுவிட்சர்லாந்தின் சியோன் கழகத்தில் சேர்வதற்காகக் கெய்ரோவை விட்டுப் போய்விட்டார். அல்-அஹ்லியுடனான அவரது ஒப்பந்தம் முடிந்திருக்கவில்லை. கழகத்தின் சம்மதமும் கிடைத்திருக்கவில்லை. 12 வருடங்கள் அவரை வளர்த்த கழகத்தின் ரசிகர்களுக்கு அது பேரிடி.

பீபாவின் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட காலம் என்று ஒன்று உண்டு. 28 வயதுக்கு முன் ஒப்பந்தம் செய்த வீரருக்கு மூன்று வருடங்கள், அதன் பின் செய்தவருக்கு இரண்டு வருடங்கள். அந்தக் காலத்துக்குள் நியாயமான காரணமின்றி ஒப்பந்தத்தை முறித்தால் நட்டஈடு மாத்திரம் போதாது, விளையாடத் தடையும் விழும். வீரரைத் தூண்டியதாகக் கருதப்படும் புதிய கழகமும் தண்டிக்கப்படும். அல்-ஹழரி இந்தக் காலத்துக்குள்தான் போயிருந்தார். 2009இல் பீபாவின் பிணக்குத் தீர்வு மன்றம் அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் சியோன் கழகமும் சேர்ந்து 900,000 யூரோ செலுத்த வேண்டும் என்றது. இரண்டு பதிவுக் காலங்களுக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதவாறு சியோனைத் தடுத்தது. மேன்முறையீட்டில், லொஸானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2010 ஜூன் மாதம் தொகையை 796,500 அமெரிக்க டொலராகக் குறைத்தது. ஆனால் தவறு தவறுதான் என்று உறுதி செய்தது.

விடயம் அத்தோடு முடியவில்லை. அந்தத் தடை நிறைவேறிவிட்டதா இல்லையா என்ற தகராறில் சியோன் கழகம் 2011இல் ஆறு புதிய வீரர்களை விளையாட வைத்தது. அவர்களோடு ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகத்தை வென்றது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம் அந்த வெற்றியை ரத்துச் செய்து சியோனைப் போட்டித் தொடரிலிருந்து வெளியேற்றியது. பீபாவின் அழுத்தத்தால் சுவிட்சர்லாந்துச் சங்கம் உள்ளூர் லீக்கில் அக்கழகத்தின் 36 புள்ளிகளை வெட்டியது. கெய்ரோவில் ஒருவர் முறித்த ஒப்பந்தம் மூன்று வருடங்களின் பின், அவரை நேரில் கண்டே இராத வீரர்களின் புள்ளிகளைப் பறித்துக்கொண்டது. சியோன் நிர்வாகத்தின் பிடிவாதமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஐரோப்பாவில் விளையாட ஆசைப்பட்டது தவறா என்று சிலர் கேட்கலாம். 35 வயதில் அது அவருக்குக் கிடைத்த கடைசி அழைப்பாக இருந்திருக்கலாம். அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு நமது மார்க்கம் வலியுறுத்துவதை நாம் வியாபாரிக்குச் சொல்கிறோம், அரச ஊழியருக்குச் சொல்கிறோம். விளையாட்டு வீரர் என்றதும் மறந்துவிடுகிறோம். அவரை முன்மாதிரியாகக் காட்டும் ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் காலைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

சியோனிலிருந்து திரும்பிய அவர் மீண்டும் அல்-அஹ்லியில் விளையாடவே இல்லை. இஸ்மாயிலி, பின்னர் அல்-அஹ்லியின் பரம எதிரியான ஸமாலிக், சூடானின் மிர்ரீக், அலெக்ஸாந்திரியாவின் இத்திஹாத், வாதி திக்லா, சவூதியின் தஆவுன் என்று கழகம் கழகமாக அலைந்தார்.

2009 நவம்பரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவதற்காக எகிப்தும் அல்ஜீரியாவும் மோதின. கெய்ரோவுக்கு வந்த அல்ஜீரிய அணியின் பஸ் மீது கல் வீசப்பட்டு வீரர்கள் சிலர் காயமடைந்தார்கள். நவம்பர் 14ஆம் திகதிப் போட்டியில் எகிப்து 2-0 என வென்றது. இரண்டாவது கோல் 95ஆவது நிமிடத்தில் வந்தது. அதனால் இரு நாடுகளும் எல்லா வகையிலும் சமநிலைக்கு வந்தன. நான்கு நாட்களின் பின் பொது மைதானமாக சூடானின் உம்துர்மானில் தீர்மானப் போட்டி நடந்தது. 40ஆவது நிமிடத்தில் அன்தர் யஹ்யா ஓரத்திலிருந்து உதைத்த பந்து அல்-ஹழரியைத் தாண்டி மேல் வலைக்குள் போனது. முடிவு 1-0. எகிப்து போகவில்லை.

அதன் பின் நடந்தவை வெட்கக்கேடானவை. அல்ஜீரியாவில் எகிப்திய நிறுவனங்களின் அலுவலகங்கள் தாக்கப்பட்டன. கெய்ரோவில் அல்ஜீரியத் தூதரகத்தின் அருகே கலவரம் ஏற்பட்டது. எகிப்து தனது தூதுவரைத் திருப்பி அழைத்தது. ஷிஹாதாவின் எகிப்து அணி கோல் அடித்ததும் ஒன்றாக ஸுஜூதில் விழும். "ஸுஜூது செய்யும் அணி" என்றே அரபு ஊடகங்கள் அதை அழைத்தன. நமது ஊரிலும் அந்தப் படங்களைப் பார்த்து மகிழ்ந்தோம். அந்த அணியின் ரசிகர்களில் ஒரு பகுதியினர்தான் தொழுகையில் அதே கிப்லாவை நோக்கும் இன்னொரு நாட்டுப் பிள்ளைகளின் பஸ்ஸுக்குக் கல்லெறிந்தார்கள். இரண்டு மாதங்களின் பின் ஆபிரிக்கக் கிண்ண அரையிறுதியில் எகிப்து அல்ஜீரியாவை 4-0 என வென்றது. அல்ஜீரியாவின் மூன்று வீரர்கள் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் கோல்காப்பாளர். அந்த வெற்றியால் உலகக் கிண்ண இடம் திரும்பக் கிடைத்துவிடவில்லை.

உம்துர்மானில் அந்தப் போட்டி நடந்த மைதானம் மிர்ரீக் கழகத்தின் மைதானம். 2011இல் அல்-ஹழரி சேர்ந்ததும் அதே மிர்ரீக் கழகத்தில்தான். தனது வாழ்க்கையின் மிகக் கசப்பான கோலை வாங்கிய மைதானத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு விளையாடினார். அந்தக் காலத்தில் எகிப்தின் உதைபந்தாட்டமே நிலைகுலைந்திருந்தது. 2012 பெப்ரவரி 1ஆம் திகதி போர்ட் ஸெய்த் மைதானத்தில் அல்-அஹ்லி ரசிகர்கள் தாக்கப்பட்டு 74 பேர் உயிரிழந்தார்கள். லீக் நிறுத்தப்பட்டது. 2013இல் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் எகிப்து கானாவிடம் 6-1 எனத் தோற்றது. ஆபிரிக்கக் கிண்ணத்துக்கும் 2012, 2013, 2015 மூன்று தடவைகளும் தகுதி பெறவில்லை. 40 வயதைத் தாண்டிய ஒரு கோல்காப்பாளரின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

2017 ஆபிரிக்கக் கிண்ணத்துக்கு எகிப்து கபொன் நாட்டுக்குப் போனபோது அவர் இருக்கையில்தான் இருந்தார். ஜனவரி 17ஆம் திகதி மாலிக்கு எதிரான முதல் போட்டியில், முதலாவது கோல்காப்பாளர் அஹ்மத் அஷ்-ஷினாவி பாதியிலேயே காயமடைந்தார். அல்-ஹழரி உள்ளே போனார். வயது 44 வருடங்களும் 2 நாட்களும். ஆபிரிக்கக் கிண்ணத்தில் விளையாடிய மிக வயது கூடிய வீரர் என்ற சாதனை அப்போதே பதிவாகியது. அரையிறுதி வரை எகிப்து ஒரு கோலும் வாங்கவில்லை. அரையிறுதியில் புர்கினா பாசோவின் பான்ஸே அடித்ததுதான் முதல் கோல். போட்டி 1-1 எனப் பெனால்டிக்குப் போனது. எகிப்தின் முதலாவது உதையே தடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் எதிரணிக் கோல்காப்பாளர் கொபி தானே உதைக்க வந்தார். அதை அல்-ஹழரி தடுத்தார். கடைசியாக பெர்ட்ரான்ட் ட்ராவோரேயின் உதையையும் தடுத்து 4-3 என அணியை இறுதிக்குக் கொண்டு போனார். இறுதியில் கெமரூனிடம் 2-1 எனத் தோல்வி. வெற்றி கோலை அபூபக்கர் 88ஆவது நிமிடத்தில் அடித்தார்.

பெனால்டியில் பந்து 11 மீற்றரிலிருந்து வருகிறது. கோலை அடைய அரை செக்கனும் எடுப்பதில்லை. கோலின் அகலம் 7.32 மீற்றர். பந்து எங்கே போகிறது என்று பார்த்த பின் பாய்ந்தால் நேரம் போதாது. உதைப்பவரின் ஓட்டம், ஊன்றிய கால், இடுப்பு திரும்பும் பக்கம் ஆகியவற்றை வாசித்து, கடைசிக் கணம் வரை அசையாமல் நின்று, பின்னர் ஒரு பக்கம் முழு மனதோடு பாய வேண்டும். கால்களின் வேகம் வயதோடு குறையும். இந்த வாசிப்பு அப்படிக் குறைவதில்லை. 44 வயதில் அவர் தடுத்த உதைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், அவர் எவ்வளவு நேரம் அசையாமல் நின்றார் என்பதுதான் கண்ணில் படுகிறது.

அதே வருடம் ஒக்டோபர் 8ஆம் திகதி அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே கொங்கோவுடனான போட்டியில் ஸலாஹ் 95ஆவது நிமிடத்தில் பெனால்டி அடித்து 2-1 என வென்றபோது, 1990க்குப் பின் முதல் தடவையாக எகிப்து உலகக் கிண்ணத்துக்குப் போனது. கோலில் நின்றவர் அல்-ஹழரி.

ஆனால் ரஷ்யாவில் ஹெக்டர் கூப்பர் முதல் இரண்டு போட்டிகளுக்கும் முஹம்மத் அஷ்-ஷினாவியைத் தெரிவு செய்தார். ஜூன் 15, எகிப்தில் நோன்புப் பெருநாள் தினம். உருகுவேயின் தாக்குதல்களை அஷ்-ஷினாவி 89ஆவது நிமிடம் வரை தடுத்து நின்றார். கடைசியில் ஹிமெனெஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். போட்டியின் சிறந்த வீரர் விருது அஷ்-ஷினாவிக்கு வழங்கப்பட்டபோது அதன் அனுசரணையாளர் ஒரு மதுபான நிறுவனம் என்பதால் அவர் அதை வாங்க மறுத்தார். நமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இதையும் சொல்லலாம். ஆனால் அவர் 29 வயது இளைஞர். சாதனைப் பட்டியலில் இல்லாதவர். ஆகவே அவரது படம் அவ்வளவாகச் சுற்றவில்லை. அடுத்த போட்டியில் ரஷ்யாவிடம் 3-1 எனத் தோல்வி. மூன்றாவது போட்டிக்கு முன்னரே எகிப்து வெளியேறிவிட்டது.

ஜூன் 25, வொல்கொகிராட். எதிரணி சவூதி அரேபியா. அதுவும் வெளியேறிவிட்ட அணி. இலங்கை நேரம் இரவு 7.30க்குப் போட்டி. இஷா ஜமாஅத்துக்குப் போய்விட்டு வந்தபோது ஸலாஹ் ஒரு கோல் அடித்து முடித்திருந்தார். அதை நான் பார்க்கவில்லை. நான் வந்து உட்கார்ந்ததும் 41ஆவது நிமிடத்தில் சவூதிக்கு ஒரு பெனால்டி. பஹத் அல்-முவல்லத் வலுவாக உதைத்தார். அல்-ஹழரி பாய்ந்து கையால் தட்ட, பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு வெளியேறியது. 45 வருடங்களும் 161 நாட்களும். கொலம்பியாவின் மொன்ட்ரகொன் 2014இல் 43 வயதில் வைத்த சாதனை அன்று போய்விட்டது. ஆனால் அதே பாதியின் மேலதிக நேரத்தில் சவூதிக்கு இரண்டாவது பெனால்டி கிடைத்தது. ஸல்மான் அல்-பரஜ் அதை உள்ளே போட்டார். 95ஆவது நிமிடத்தில் ஸாலிம் அத்-தவ்ஸரியின் கோல். எகிப்து 2-1 எனத் தோற்றது. அவரது ஒரே உலகக் கிண்ணப் போட்டியும் தோல்விதான்.

மறுபக்கத்தில் நின்ற சவூதிக்கும் நெடுங்காலக் கோல்காப்பாளர் ஒருவர் இருந்தார். முஹம்மத் அத்-துஅய்யிஃ 170க்கும் மேற்பட்ட சர்வதேசப் போட்டிகளில் விளையாடியவர். நான்கு உலகக் கிண்ண அணிகளில் இடம்பெற்றவர். ஆனால் அவரது பெயரைச் சொன்னால் பலருக்கு ஞாபகம் வருவது 2002இல் ஜேர்மனியிடம் வாங்கிய எட்டு கோல்கள். கோல்காப்பாளர்களை மக்கள் ஒரு இரவை வைத்தே நினைவில் கொள்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, மற்றவருக்கு எட்டு கோல்கள்.

இப்போது மாணவனின் கேள்வி. ஷரீப் இக்ராமியும் எகிப்தின் மூன்று கோல்காப்பாளர்களில் ஒருவராக ரஷ்யாவுக்குப் போனார். அவரது தந்தை இக்ராமியும் அல்-அஹ்லிக்கும் எகிப்துக்கும் விளையாடிய புகழ்பெற்ற கோல்காப்பாளர். மகனுக்கு அப்போது 34 வயது. கோல்காப்பாளருக்கு அது முதிர்ச்சியான வயது. முடிவு எதையும் மாற்றாத அந்த மூன்றாவது போட்டியை அவருக்குக் கொடுத்திருக்கலாம். சாதனை ஒன்றுக்காகவே அல்-ஹழரியை இறக்கினார்கள் என்று விமர்சித்தவர்கள் இருந்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. 22 வருடங்கள் உழைத்தவருக்கு ஒரு போட்டி கொடுப்பதும் நியாயம். அந்த இரவில் இரண்டு நியாயங்களுக்கு ஒரு இடம்தான் இருந்தது. கூப்பரின் முடிவு சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். அவர் அனுதாபத்தில் தெரிவானவர் அல்ல. கபொனிலும் தகுதிப் போட்டிகளிலும் அணியைச் சுமந்தவர். ஆனால் இக்ராமியின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியில்லை என்பதை அந்தப் பிள்ளை எனக்குக் கற்றுத் தந்தான். தானும் 1998இல் அதே இருக்கையில் இருந்தவர் என்பது அல்-ஹழரிக்குத் தெரியாததல்ல.

2018 ஓகஸ்ட் 6ஆம் திகதி, 159 சர்வதேசப் போட்டிகளோடு, அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

2021இல் எகிப்தின் பயிற்றுவிப்பாளராக வந்த கார்லோஸ் குயிரோஸ், கோல்காப்பாளர்களின் பயிற்றுவிப்பாளராக அல்-ஹழரியை நியமித்தார். 2022 ஜனவரியில் கெமரூனில் நடந்த ஆபிரிக்கக் கிண்ணத்தில் முதலாவது கோல்காப்பாளர் முஹம்மத் அஷ்-ஷினாவிதான். ஐவரி கோஸ்டுடனான போட்டியில் அவர் காயமடைந்து வெளியேற, முஹம்மத் அபூ ஜபல் உள்ளே வந்தார். கபாஸ்கி என்பது அவரது செல்லப்பெயர். எரிக் பெய்லியின் பெனால்டியைத் தடுத்து அணியைக் காலிறுதிக்குக் கொண்டு போனார். அரையிறுதியில் கெமரூனின் இரண்டு உதைகளைத் தடுத்தார். பெப்ரவரி 6ஆம் திகதி இறுதியில் செனகலின் ஸாதியோ மானே ஏழாவது நிமிடத்திலேயே எடுத்த பெனால்டியையும் தடுத்தார். 120 நிமிடங்கள் கோலின்றி முடிந்த அந்தப் போட்டியில் எகிப்து பெனால்டி உதைகளில் 4-2 எனத் தோற்றது. போட்டியின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் அபூ ஜபலுக்கே கிடைத்தது. அவருக்கு 33 வயது. அல்-ஹழரி ட்ரொக்பாவின் உதையைத் தடுத்த அதே வயது.

கேள்வி கேட்ட மாணவன் சாதாரண தரம் எழுதிவிட்டுப் பாடசாலையை விட்டுப் போய்விட்டான். இப்போதும் விளையாடுகிறானா என்று தெரியவில்லை. எங்காவது கண்டால் அபூ ஜபலின் கதையைச் சொல்ல வேண்டும்.